இறக்கி வைக்கத் தெரிந்த அக்கா

திண்டிவனத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்த ஜிம்முக்குக் கீழே மோட்டார் பம்பும் பிளாஸ்டிக் குழாயும் விற்கிற கடை இருந்தது. கடைக்காரருக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். மேலே நாங்கள் இரும்பைத் தரையில் போடும்போதெல்லாம் அவர் தலையில் சுண்ணாம்பு உதிருமாம். மாடிப்படியில் பாதி ஏறி வருவார். லேடீஸ் பேட்ச் நடக்கிற நேரம் என்பதால் அதற்கு மேல் ஏற மாட்டார். அங்கேயே நின்று, "இன்னாம்மா, கட்டடத்தையே எறக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு அக்கா மட்டும் அவரிடம் பேச்சு வாங்கியதே இல்லை. பிளேட் மாட்டிய இரும்புப் பாரைத் தூக்கும்போது அவரும் எங்களைப் போலத்தான், முக்கி முனகி, கழுத்து நரம்பு புடைத்து, முகம் கோணி. இறக்கும்போதுதான் வேறு ஆளாகிவிடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவருவார். பிளேட் தரையைத் தொட்டதா இல்லையா என்று நாம் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு மெதுவாக வைப்பார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த நித்யா விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சின்னப் பெண். எங்கள் எல்லாருக்கும் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அக்கா இறக்குகிற விதத்தைப் பார்த்து அவளுக்குத் தலைவேதனை. தூக்கி முடித்தாகிவிட்டது, இனி கனத்தோடு மல்லுக்கட்டாமல் விட்டுவிட வேண்டும், இப்படி இழுத்துப் பிடித்தால் முதுகுதான் போகும் என்று தினமும் சொல்வாள். அக்கா தலையைத் தலையை ஆட்டுவார். அடுத்த முறையும் அதே மாதிரிதான் வைப்பார்.

"தூக்கறத யாரு வேணா தூக்கலாம் மேடம். எறக்கறதுதான் வேல."

இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் வாய்த்துடுக்குக்காரி. "ஏங்க்கா, இரும்புக்கு அடிபட்டா வலிக்குமா?" என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் பாருக்குக் குனிந்தார்.

நான் டைலர். மிஷின் முன்னால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்து, எலும்பு மெலிகிறது, கனம் தூக்கிப் பழகு என்று டாக்டர் சொல்லித்தான் ஜிம்முக்குப் போனேன். கனம் தூக்க வேண்டுமென்றால் வீட்டில் குடம் இல்லையா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் தூக்காத குடம் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மற்றவர்களுக்கும் இப்படி ஆளுக்கொரு காரணம். ஒருத்திக்குச் சர்க்கரை. இன்னொருத்திக்கு மகள் கல்யாணத்துக்குள் இடுப்பு குறைய வேண்டும், ஆல்பத்தில் சம்பந்தியம்மாவை விட ஒல்லியாகத் தெரிய வேண்டும். எல்லாரும் என்னிடம் ஜாக்கெட் தைக்கிறவர்கள்தான் என்பதால் யார் இளைத்தார்கள், யார் இளைத்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா வந்த முதல் நாள் நித்யா வழக்கம்போல, எத்தனை கிலோ குறைக்கணும் என்று கேட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற அக்கா, குறையவே வேண்டாம், சத்துதான் வேண்டும் என்றார். நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு ரூமிலிருந்து பாத்ரூம் வரைக்கும் போய், திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

"அரிசி மூட்டையாக்கா?"

"பொண்ணு."

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தோம். அவரும் கூடவே சிரித்தார். எங்களைத் தலைகுனிய விடக் கூடாது என்பதற்காகச் சிரித்தார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவர் எங்கேயும் சத்தமில்லாமல்தான் நடமாடுவார். செருப்பைக் கையால் எடுத்து வைப்பார். கேட்டின் கொண்டியை விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டு சாத்துவார். என் கடைக்கு வந்து துணிப்பையை மேஜையில் வைத்திருப்பார், எனக்குத் தெரியாது, திரும்பினால் ஆள் நிற்கும். ஒரு நாளைக்கு என் நெஞ்சு நின்றுவிடப் போகிறது, தொண்டையையாவது செருமிக்கொண்டு வாருங்கள் என்பேன். சரி என்பார். அடுத்த முறையும் அப்படித்தான் வருவார்.

ஜோதிக்கு நைட்டி தைக்க அளவெடுக்க வீட்டுக்கு வரச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. ஜோதி அவருடைய ஒரே மகள். இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமாகிவிட்டதாம், உட்காரவும் பேசவும் வரவில்லை. ஆனால் கண் நம்மைப் பார்த்தபடியே இருக்கும். என் இஞ்சு டேப்பைக் கண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் வந்த வேலையை மறந்துபோனேன்.

அந்த வீட்டில் எல்லாப் பாத்திரத்துக்கும் அடியில் பழந்துணி விரித்திருந்தது. குக்கர் கிடையாது, சோறு வடித்துத்தான். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், ஜோதிக்கு உடம்பு தூக்கிப் போடும். கையும் காலும் விறைத்துப் பல்லுக்கு நடுவில் நாக்கு சிக்கி ரத்தம் வந்துவிடும். அந்த விறைப்பு தளர அரை நாளாகும்.

அக்கா அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டினார். தூக்கியது கண்ணிமைக்கிற நேரம்தான். இறக்கத்தான் நேரம் எடுத்தது. முதலில் குதிகால், பிறகு இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. தலைக்குக் கீழே இருந்த கையை உடனே எடுக்கவில்லை. ஜோதியின் மூச்சு சீராகும் வரைக்கும் குனிந்தபடியே நின்று, அப்புறம்தான் மெல்ல உருவினார். "ஜல்தியா எறக்கிட்டா உழறோம்னு நெனச்சிக்குவா டைலரம்மா," என்றார். ஜிம்மில் நான் அடித்த கிண்டல் எனக்கு ஞாபகம் வந்தது.

நீங்கள் ஒருத்தரேவா தூக்குகிறீர்கள், வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்டேன். இருந்தார். சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், திடகாத்திரமான ஆள். முன்பெல்லாம் அவர்தான் தூக்குவாராம். அப்பா தோளில் போட்டுக்கொண்டால் ஜோதி சிரிக்கிற சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்குமாம். ஜோதி வயதுக்கு வந்தபோது மற்ற வீடுகளைப் போலவே சொந்தபந்தம் எல்லாரையும் அழைத்து மஞ்சத்தண்ணி ஊற்றினார்கள். அக்கா பின்னாலிருந்து அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, முறைக்காரர்கள் ஊற்றினார்கள். எல்லாம் முடிந்து அப்பா மகளை உள்ளே தூக்கிக்கொண்டு போகக் குனிந்தபோது, ஜோதியின் அத்தை, வயசுக்கு வந்த பெண்ணை அப்பன் தொட்டுத் தூக்குவது நன்றாகவா இருக்கிறது என்று பந்தி நடுவில் கேட்டுவிட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டவர்தான். அதற்குப் பிறகு நாற்காலியை அறை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். நானே பார்த்திருக்கிறேன். அப்படியே ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வரும். அக்காவுக்கு வராது.

"அவரு மேல தப்பு இல்ல. அவரு தனியா ஊட்ல இருக்கும்போது அழுவறத நான் பாத்துக்கினுதான இருக்கறேன்," என்பார். அழுகிற ஆள் தூக்கலாமே என்று நான் கேட்டால், ஜோதியின் போர்வையைச் சரிசெய்யப் போய்விடுவார்.

இன்னொரு நாள் தைத்த நைட்டியைக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா ஊட்டிக்கொண்டிருந்தார். குழையப் பிசைந்த சோறு, மல்லாட்டைத் தொவையல். ஜோதிக்கு வேர்க்கடலை என்றால் உயிர், வாசனைக்கே கழுத்து திரும்பும். நான்கைந்து வாய் வாங்கியிருப்பாள். அக்கா தட்டைத் துணி மேல் வைத்துவிட்டு அவள் வாயைத் துடைத்துவிட்டார். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். ஏன், செரிக்காதா என்றேன். துடைத்த துணியை மடித்து வைத்தார்.

"நான் போடற சோத்த நான்தான தூக்கணும்."

மகள் வளர வளர, தனக்கு வயதாக ஆக, இது எங்கே போய் முடியும் என்று கணக்குப் பார்த்து, தானாகவே பிடியைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். குறைக்கக் குறைக்க ஜோதியும் பழகிக்கொண்டாள். தட்டு காலியானால் வாயை மூடிக்கொண்டுவிடுவாள், கேட்க மாட்டாள். ஊருக்கெல்லாம் அள்ளிப் போடுகிற கை அது. என் கடைக்கு வரும்போது கேப்பை அடையோ வேர்க்காமல் துணியில் சுற்றிய சுண்டலோ இல்லாமல் வந்ததே இல்லை. அந்தக் கை பெற்ற மகளுக்கு அளந்து போட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஜோதியின் விலா எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு நீ சோறு போடுகிறாயா இல்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில்தான் எங்கள் ஜிம் போர்டைப் பார்த்திருக்கிறார். அவ வயித்தக் கட்டறதுக்குப் பதிலா என் கைய வளத்துக்கினா இன்னா என்று தோன்றியிருக்கிறது.

இதை நான் மூடி வைக்கவில்லை. வாய் இருக்கிறதே. ஜிம்மில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு அக்கா தூக்கும்போது யாரும் போன் பார்ப்பதில்லை. நித்யா பாரின் இரண்டு முனையிலும் சின்னப் பிளேட் ஒவ்வொன்று சேர்ப்பாள். அக்கா தூக்கி, நின்று, சத்தமில்லாமல் இறக்கியதும், "இன்னிக்கு ஜோதிக்கு ஒரு பிடி கூட" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் கை தட்டுவோம். கீழேயிருந்து கடைக்காரர் படியேறி வருவார், இப்போது கை தட்டுகிற சத்தத்துக்காக. கல்யாண ஆல்பத்துக்காக வந்தவள்கூடத் தன் இடுப்பை மறந்துவிட்டு அக்காவின் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் வாழ்க்கையில் இரும்பை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

புஜம் பருத்துவிட்டதால் அக்காவின் ஜாக்கெட் கையைப் பிரித்து அகலமாக விட்டேன். மற்றவர்கள் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொண்டுவந்த காலத்தில் விடச் சொல்லி வந்தது அவர் ஒருத்தர்தான். கொஞ்ச நாளில் ஜோதியின் நைட்டியும் வந்தது. அதையும் இரண்டு பக்கமும் பழைய தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன். பிரித்த இடத்தில் ஊசித் தடம் வரிசையாகத் தெரிந்தது. துவைத்தால் போய்விடும் என்றேன். இருக்கட்டும் என்றார். ஜோதிக்குக் கன்னம் வந்திருந்தது. தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார வைத்தால் பெண் பார்க்க வந்துவிடுவார்கள் போல இருந்தாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மேல்மலையனூருக்குப் போனோம். ஜோதிக்கு உடம்பு தேறினால் அம்மனுக்குப் புடவை சாத்துவதாக அக்காவுக்கு வேண்டுதல். வெள்ளிக்கிழமை போகலாம், அமாவாசையன்று வேண்டாம், கூட்டத்தில் பேஜாராகிவிடும் என்று நான் சொன்னேன். அமாவாசைக்கு என்றுதான் வேண்டிக்கொண்டது என்றார். காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம். வல்லம் தாண்டும்போது ஜோதி ஜன்னல் காற்றில் தூங்கிப்போனாள். நாற்காலியை அந்த ஜனத்துக்குள் தள்ள முடியாது என்று அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் முன்னால் இடித்துக்கொண்டு வழி பண்ணினேன்.

கோயிலை நெருங்கும்போது யாரோ பம்பையை ஓங்கி அடித்தார்கள். ஜோதிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. தலை பின்னால் சாய்ந்து, கை இரண்டும் விரிந்து விறைத்து, தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆத்தா வந்துட்டா, வழி விடுங்க என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கற்பூரம் ஏற்றினார்கள், குங்குமத்தை அள்ளிப் பூசினார்கள். ஒரு அம்மா அக்காவின் முன்னால் விழுந்து, என் பொண்ணுக்கு எப்போ தாயே கல்யாணம் ஆவும் என்று ஜோதியிடம் கேட்டாள். இல்லம்மா, இதுக்கு உடம்பு சரியில்ல என்று நான் சொல்லச் சொல்ல யாரும் கேட்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா மட்டும் இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு விரிக்கிற அளவுக்கு இடம் போதும். விறைத்த உடம்பு கனத்தில் இரண்டு மடங்கு. அவர் முழங்கை நடுங்குவதை நான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளுங்க, கொஞ்சம் தள்ளுங்க என்று கெஞ்சினோம். அவர்கள் தள்ளுவதற்குப் பதில் இன்னும் நெருங்கி ஜோதியின் காலைத் தொட்டார்கள். கும்பிட வந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அந்தப் பெண்ணைத் தரையில் இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு வழியாகப் பூக்கடைக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கினார். அப்போதும் குதிகால், இடுப்பு, முதுகு, தலை. அதற்குப் பிறகுதான் தானும் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அடுத்த வாரம் ஜிம்மில் பார் விழுந்தது.

இடுப்பு வரைக்கும் வந்த பார் அப்படியே நழுவிக் கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் நாங்கள் அத்தனை பேரும் திரும்பினோம். மற்ற யார் போட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டோம். அக்கா பாரைப் பார்க்கவில்லை, தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே கடைக்காரருக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும், அன்றைக்குப் படியேறி வரவில்லை.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். தோளில் தசை கிழிந்திருந்தது, முதுகில் டிஸ்க்கும் விலகியிருந்தது. இனி ஒரு பக்கெட் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அக்கா அவரிடம் மகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னேன். வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றார் அவர். நல்ல மனுஷர்தான், வேறென்ன சொல்வார்.

ஜோதியோடு அன்றைக்கு நித்யா இருந்தாள். தன் எடையைப் போல இன்னொரு மடங்கு தூக்குகிற பெண். நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது போன் பண்ணினாள். பாத்ரூமுக்குக் கொண்டுபோகத் தூக்கியிருக்கிறாள். புதுக் கை பட்டதும் ஜோதி பலகையாகிவிட்டாளாம். உதட்டைக் கடித்து ரத்தம். அப்பா வாசலில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மெதுவாம்மா, மெதுவாம்மா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

"என்கிட்ட சத்து இருக்குதுக்கா. ஆனா என்கிட்ட வர மாட்டேங்குறா," என்று போனிலேயே அழுதாள்.

அப்புறம் நாங்கள் முறை போட்டுக்கொண்டு போனோம். பழகிவிடுவாள் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம். பழகவில்லை. யார் கை பட்டாலும் அதே விறைப்பு, அதே ரத்தம். ஆளைத் தூக்கி இறக்குகிற மிஷின் ஒன்றை நித்யா போனில் தேடி எடுத்துக் காட்டினாள். அக்கா முழு வீடியோவையும் பார்த்துவிட்டு, எறக்கும்போது சத்தம் வருமா மேடம் என்று கேட்டார். வரும் போலிருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனிமேல் வராதீங்க, புள்ளைக்கு வலிக்குது என்று கடைசியில் அவரே சொன்னார். நாங்கள் நின்றுவிட்டோம். தோளில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவரே மறுபடியும் தூக்க ஆரம்பித்தார். தடுக்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை. ஜிம்மில் எல்லாரும் வழக்கம்போலத் தூக்கினோம், போட்டோம். யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வேலை விழுப்புரத்தில் கிடைத்து, நாங்கள் வீடு மாற்றுவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு மத்தியானம் தலை நிமிர்ந்தபோது மேஜையில் ஒரு துணிப்பை இருந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். பையில் ஜோதியின் நைட்டிகள்.

"ரெண்டு பக்கமும் புடிச்சிக் குடு டைலரம்மா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கேட்டேன். முன்ன இருந்த அளவுக்கு என்றார். வேறு வழியே இல்லையாக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார். குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"தட்டு காலியானப்புறமும் வாயத் தொறந்துக்கினே இருக்கறா. முன்ன கேக்க மாட்டா. நான்தான் பழக்கி உட்டுட்டேன்."

டேப்பை எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. நைட்டியை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். நான் பிரித்து விட்ட பழைய தையலின் ஊசித் தடம் இன்னும் போகாமல் வரிசையாக இருந்தது. மிஷினை மெதுவாக மிதித்து, அந்தத் தடத்தின் மேலேயே தைத்துக் கொடுத்தேன்.